குதிரைக்கு லாடம்: அப்பாவிடம் சனம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் அப்பா இரும்புக் கொல்லர். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் வீட்டு வளவுக்குள்ளேயே கம்மாலை இருக்கிறது. மண்வெட்டி, கத்தி, அலவாங்கு, மாட்டுவண்டிச் சவாரிப் பந்தயத்தில் ஓடும் மாட்டுக்கு லாடம் என்று எல்லா வேலையும் நடக்கும். 1980களின் நடுவில் படகேறி இந்தியாவுக்குப் போனவர், சென்னையில் குதிரைக்கு லாடம் அடிக்கப் பழகினார். படப்பிடிப்புக்குப் போகும் குதிரைகள்தான் அங்கே அவருக்கு அதிகம் சோறு போட்டவை. போர் முடிந்த பிறகு ஊருக்குத் திரும்பினார். ‘நடிகர்மாரின் குதிரைக்கு லாடம் அடித்த ஆள்’ என்ற பேரும் அவரோடு சேர்ந்து வந்துவிட்டது. கம்மாலைக்கு வருபவர்களும் வெளிநாட்டிலிருந்து கதைக்கும் சொந்தக்காரரும் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். பாதி அப்பா சொன்னது, மீதி நான் பக்கத்தில் நின்று பார்த்தது.

எந்தெந்த நடிகர்மாரின் குதிரைக்கு லாடம் அடித்தவர்?

பேர் சொல்ல மாட்டார். கேட்டுக் களைத்துப்போனவர்கள் நிறையப் பேர். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. படத்தில் நடிகர் ஏறி வரும் குதிரை அநேகமாக அவருடையது அல்ல. படப்பிடிப்புக்கென்றே குதிரை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி கேட்டால் லொறியில் ஏற்றிக் கொண்டுபோவார்கள், வேலை முடிந்தால் திருப்பிக் கொண்டுவருவார்கள். இன்றைக்கு ராசாவைச் சுமக்கும் குதிரை நாளைக்கு ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையைச் சுமக்கும். அதற்கடுத்த நாள் வேறொரு படத்தில் போர்வீரனைச் சுமக்கும். அப்பாவுக்குச் சம்பளம் கொடுத்தது குதிரைக்காரர்தான். அவருக்குத் தெரிந்ததும் குதிரைகளின் பேர்தான்.

1995இல் வந்த ‘முத்து’ படத்தில் ரஜினிகாந்த் குதிரை வண்டி ஓட்டி வருவதைப் பார்த்தவர்கள், “அந்தக் குதிரைக்கும் நீங்கள்தானோ அண்ணை?” என்று கேட்பார்கள். அது அப்பாவின் கை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரையில் ஒரே குதிரையாகத் தெரிவது பல சமயம் இரண்டு, மூன்று குதிரைகள். நடிகர் ஏறி நின்று வசனம் பேச ஒரு சாதுவான குதிரை, பாய்ந்து ஓட ஒன்று, முன்னங்காலைத் தூக்கி நிற்க ஒன்று. நிறம் ஒத்துப்போகாவிட்டால் நெற்றிப் பொட்டையும் கால் வெள்ளையையும் சாயம் பூசிச் சரிக்கட்டுவார்கள். ஓட்டம் காட்டும் இடத்தில் மேலே இருப்பதும் பெரும்பாலும் டூப்தான். அந்த மூன்று குதிரைக்கும் மூன்று விதமான குளம்பு. லாடக்காரருக்கு அது மூன்று தனி வேலை.

யாழ்ப்பாணத்தில் இருந்து போனவர் குதிரை வேலையை யாரிடம் பழகினார்?

கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தை ஒட்டியிருந்த லாயங்களில், வயதான ஒரு லாடக்காரரிடம். அப்பாவுக்கு இரும்பு தெரியும், மாட்டுக்கால் தெரியும், குதிரை தெரியாது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான சனத்துக்குக் குதிரை என்றால் வேட்டைத் திருவிழாவில் சுவாமி எழுந்தருளும் மர வாகனம்தான். அந்தப் பெரியவர் முதலில் சுத்தியலைத் தொடவே விடவில்லையாம். குதிரையின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும்தான் வேலை. முதுகு விட்டுப்போகும். ஆனால் குதிரை எப்போது பாரத்தை உங்கள் மேல் சாய்க்கிறது, எப்போது காலை உதறப் போகிறது என்பது கைக்குத் தெரிய வருவது அப்படி நின்றால்தான். சிலோன்காரர் என்று கூப்பிட்டவர்கள் பிறகு அண்ணே என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

2024 செப்டெம்பரில் கிண்டி மைதானத்து நிலத்தைத் தமிழக அரசு தன் கையில் எடுத்துக்கொண்ட செய்தியைப் படித்துவிட்டு அன்று முழுக்க அப்பா அதைப் பற்றியே கதைத்தார். அவர் கவலைப்பட்டது பந்தயத்துக்காக அல்ல. அந்த லாயத்துக் குதிரைகளையும் அவற்றைப் பார்த்த ஆட்களையும் நினைத்துத்தான்.

காலில் ஆணி அடித்தால் குதிரைக்கு நோகாதா?

சரியாக அடித்தால் நோகாது. குளம்பின் வெளிச்சுவர் நம் நகம் போன்ற பொருள். அதில் நரம்பும் இல்லை, இரத்தமும் இல்லை. காலைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தால் சுவருக்கும் உள்ளங்காலுக்கும் நடுவில் மெல்லிய வெளிறிய கோடு ஒன்று ஓடும். ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டி உள்ளே போனால் உயிருள்ள சதை. மயிரிழை அளவு தவறினாலும் குதிரை நொண்டும், சீழ் கட்டும். அதைவிடப் பயம் ஏற்புவலி (ரெற்றனஸ்). வீட்டு மிருகங்களில் ஏற்புவலிக் கிருமிக்கு மிக எளிதில் ஆட்படுவது குதிரைதான். அதனால் தடுப்பூசி போடாத குதிரைக்கு அப்பா லாடம் அடிப்பதில்லை. எவ்வளவு அவசரம் என்றாலும் சரி, மிருக வைத்தியரிடம் காட்டிவிட்டு வா என்றுதான் சொல்வார்.

லாடம் எதற்கு? காட்டுக் குதிரைக்கு யார் லாடம் அடித்தது?

நல்ல கேள்வி. காட்டுக் குதிரை தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. குளம்பு வளரும் வேகமும் தேயும் வேகமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். மனிதன் ஏறி உட்கார்ந்து, தார் றோட்டில் ஓட்டி, வண்டியும் இழுக்க வைத்தால் வளர்வதைவிடத் தேய்வது கூடிவிடும். அதற்குத்தான் இரும்பு. ஐரோப்பாவில் ஆணி அடித்த இரும்பு லாடம் பரவலாக வந்தது ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முன்புதான். அதற்கு முன்பும் மனிதன் குதிரையில் போய்க்கொண்டுதான் இருந்தான்.

ஆகவே எல்லாக் குதிரைக்கும் லாடம் வேண்டியதில்லை. புல்லிலும் மணலிலும் மட்டும் நடக்கும் குதிரைக்குக் குளம்பைச் சீவி அராவி விட்டாலே போதும். லாடம் வேண்டாம் என்று சொல்லி அப்பா திருப்பி அனுப்பிய ஆட்கள் உண்டு. குதிரை எந்த நிலத்தில் நடக்கப் போகிறது என்று கேட்காமல் லாடத்தைக் கையில் எடுப்பவனை நம்ப வேண்டாம் என்பது அவருடைய பேச்சு. என்னுடைய பேச்சும் அதுதான்.

எப்படி அடிப்பது? முழுதாகச் சொல்ல முடியுமா?

முதலில் காலைத் தொடவே மாட்டார். குதிரையை நேராக நடத்திக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரச் சொல்வார். எந்தக் கால் முதலில் தரையைத் தொடுகிறது, குதியா நுனியா, உள்பக்கமா வெளிப்பக்கமா என்று பார்ப்பார். பழைய லாடம் இருந்தால் அதன் தேய்மானமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அந்தக் குதிரை கோணலாக மிதிக்கிறது.

பிறகு தோல் முன்றானையைக் கட்டிக்கொண்டு, குதிரையின் முன்னங்காலைத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வாங்குவார். பின்னங்கால் என்றால் தொடை மேல். பழைய ஆணியின் மடிப்பை நிமிர்த்தி, குறட்டால் குதிப் பக்கத்தில் இருந்து லாடத்தைக் கழற்றுவார். நுனியில் இருந்து இழுத்தால் குளம்பு பிய்ந்து வரும். அடியில் அடைந்த சாணத்தையும் மண்ணையும் கிண்டி எடுத்து, செத்துப்போன தோலை வளைந்த கத்தியால் சீவுவார். நடுவில் முக்கோணமாக மெத்தென்று ஒரு பகுதி இருக்கும். குதிரை மிதிக்கும்போது அதிர்ச்சியைத் தாங்குவது அதுதான், ஆகவே அதில் கத்தி படுவது மிகக் குறைவு. வளர்ந்த சுவரை வெட்டி, பெரிய அரத்தால் மட்டம் பார்ப்பார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும் பார்வை அது. இந்த இடத்தில் யாராவது கதை கொடுத்தால் கோபம் வரும்.

அதற்குப் பிறகுதான் லாடம். குளம்புக்கு ஏற்றபடி லாடத்தை வளைக்க வேண்டும். லாடத்துக்கு ஏற்றபடி குளம்பை அராவக் கூடாது. இது எல்லாருக்கும் தெரிந்த விதி, எல்லாரும் மீறுகிற விதியும் இதுதான், ஏனென்றால் இரும்பை வளைப்பதைவிடக் குளம்பை அராவுவது சுலபம்.

ஆணி அடிக்கும்போது பக்கத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். லாட ஆணியின் நுனி ஒரு பக்கம் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். அந்தச் சாய்வை உள்பக்கம் வைத்து அடித்தால் ஆணி தானாகவே வெளிப்பக்கம் வளைந்து, லாடத்துக்கு மேலே இரண்டு சென்ரிமீற்றர் அளவில் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். நல்ல சுவருக்குள் போகும் ஆணி அடிக்க அடிக்கக் கெட்டியான சத்தம் தரும். சத்தம் மந்தமாகி, கைக்கு மெத்தென்று தெரிந்தால் ஆணி உள்ளே திரும்புகிறது. அந்த நொடியே நிறுத்தி இழுத்துவிட வேண்டும். அப்பா இப்போதெல்லாம் கண்ணைவிடக் காதைத்தான் நம்புகிறார். வெளியே வந்த நுனியை உடனே முறித்துவிடுவார். குதிரை திடீரென்று காலை இழுத்தால் அந்த நுனி தொடையைக் கிழித்துவிடும். வழக்கமாக ஆறு முதல் எட்டு ஆணி. எல்லாம் முடிந்ததும் முறித்த நுனிகளை மடித்துத் தட்டி, லேசாக அராவிவிடுவார். நாலு காலுக்கும் ஒரு மணித்தியாலமாவது பிடிக்கும்.

சூட்டோடு லாடத்தை வைக்கும்போது புகை வருகிறதே, அது கொடுமை இல்லையா?

இல்லை. தலைமயிர் கருகும் நாற்றம் வரும், புகையும் கண்ணை மறைக்கும். பார்ப்பவருக்குப் பதறும். ஆனால் சுடுபடுவது உயிரில்லாத சுவர்தான், அதுவும் சில நொடிகள். மேடு பள்ளம் கருகின இடத்தில் தெரிந்துவிடும், லாடமும் சமமாகக் குந்தும். வேலை தெரியாதவன் நீண்ட நேரம் வைத்தால் உள்ளே சூடு போகும், அது ஆபத்து. குளிர்ந்த லாடத்தை அப்படியே அடிப்பவர்களும் உண்டு. அதிலும் பிழை இல்லை.

சினிமாக் குதிரைக்கு அடிப்பதில் என்ன வித்தியாசம்?

நிலம். காலையில் கோயில் வாசல் கருங்கல், மத்தியானம் கடற்கரை மணல், இரவில் ஸ்ரூடியோவின் சீமெந்துத் தரை. மூன்றுக்கும் ஒரே லாடம் பொருந்தாது. வழுவழுப்பான தரையில் வெறும் இரும்பு வழுக்கும். அப்படியான இடத்துக்கு றப்பர் லாடம், அல்லது லாடத்தில் மிகக் கடினமான உலோகப் பொட்டுகளை உருக்கி ஒட்டிக்கொள்வது. ஈரப் புல்லுக்கு லாடத்தில் துளை போட்டு முளைகளைத் திருகி வைக்கலாம், வேலை முடிந்தால் கழற்றிவிடலாம். மணலில் மட்டும் ஓட வேண்டும் என்றால் சில சமயம் லாடமே வேண்டாம். முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரைக்கு முழுப் பாரமும் பின்னங்காலில். அங்கே பிடிப்பு இல்லாவிட்டால் குதிரையும் சரியும், மேலே இருப்பவரும் சரிவார்.

இன்னொரு சங்கதி, படப்பிடிப்புக்கு வரும் குதிரைகளில் நிறைய, பந்தயத்தில் இருந்து ஓய்வு பெற்றவை. பந்தயக் குதிரைக்கு அலுமினியத்தில் மெல்லிய லாடம், ஒன்று நூறு கிராம் அளவில்தான் இருக்கும். வழக்கமான இரும்பு லாடம் அதைப்போல மூன்று, நாலு மடங்கு பாரம். ஒரே நாளில் மாற்றினால் குதிரைக்கு நடையே குழம்பும். அப்பா முதலில் மெல்லிய இரும்பு, அடுத்த முறை வழக்கமான இரும்பு என்று படிப்படியாகத்தான் போவார். காதுகளின் நுனி உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மாதிரி நிற்கும் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளையும் ராசா கதைகளில் பார்த்திருப்பீர்கள். அவற்றின் குளம்பு கெட்டி. அப்பாவுக்குப் பிடித்த குதிரைகள் அவைதான்.

படப்பிடிப்பில் பெரிய எதிரி காத்திருப்பு. ஐந்து நிமிடம் ஓடுவதற்காக நாள் முழுக்க வெயிலில் சேணத்தோடு நிற்கும். அவசரம் என்று புரொடக்‌ஷன் மேனேஜர் ஆள் அனுப்புவார். ஒரு காலின் லாடம் தளர்ந்திருக்கிறது, இந்த ஷாட் முடியட்டும் என்பார்கள். அப்பா ஒத்துக்கொண்டதில்லை. அதனால் சில இடங்களில் அவரைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

படத்தில் கேட்கும் குளம்புச் சத்தம் அந்த லாடத்தின் சத்தம்தானா?

அநேகமாக இல்லை. ஒலிக்கூடத்தில் பிறகு சேர்ப்பது. பழைய காலத்தில் இரண்டு சிரட்டைகளைத் தட்டித்தான் உலகம் முழுக்க அந்தச் சத்தத்தை எடுத்தார்கள். எங்கள் உலையில் எரிவதும் சிரட்டைக் கரிதான் என்பதால் இதைக் கேட்டு அம்மாவுக்கு ஒரே சந்தோசம்.

போர்க் காட்சியில் குதிரை விழுகிறதே, உண்மையாக விழுத்துகிறார்களா?

ஒரு காலத்தில் விழுத்தினார்கள். அமெரிக்காவில் ஓடும் குதிரையின் முன்னங்கால்களில் கம்பி கட்டி, குறித்த இடத்தில் இடறி விழச் செய்வார்கள். நிறையக் குதிரைகள் கழுத்து முறிந்து செத்தன. 1939இல் வந்த ஒரு படத்துக்காகக் குதிரையைச் செங்குத்தான மலையில் இருந்து தண்ணீருக்குள் விழச் செய்தார்கள், அது செத்தது. சனம் கொதித்தெழுந்த பிறகுதான் 1940இல் இருந்து மிருக நலச் சங்கத்தின் ஆட்கள் அங்கே படப்பிடிப்புகளைக் கண்காணிக்கத் தொடங்கினார்கள்.

இந்தியாவில் 2001ஆம் ஆண்டு விதிகளின்படி, படத்தில் மிருகங்களை நடிக்க வைக்க விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். இடறி விழுத்தும் கம்பியும் குழியும் கூடாது. கடினமான தரையில் லாடம் இல்லாமல் குதிரையை நடத்தக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அப்பாவின் வேலையைச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அதில் பெருமை.

இப்போது விழுவதற்கென்றே பழக்கிய குதிரைகள் உண்டு. விழும் இடத்தை ஆழமாகக் கொத்தி மெத்தென்று ஆக்குவார்கள். மற்றதைக் கணினி பார்த்துக்கொள்ளும். விதி இருக்கிறது என்பதற்காக எல்லா இடத்திலும் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. அங்கே நிற்கும் குதிரைக்காரரும் லாடக்காரரும் வாயைத் திறந்தால்தான் நடக்கும்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்?

ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒரு தடவை. லாடம் தேயாவிட்டாலும் கழற்றிக் குளம்பைச் சீவ வேண்டும், மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீற்றர் வரை அது வளரும். தேயாத லாடத்தைத் திரும்பப் போடலாம்.

மாட்டுக்கு அடிப்பதும் குதிரைக்கு அடிப்பதும் ஒன்றுதானே?

இல்லை. மாட்டுக்குப் பிளவுபட்ட குளம்பு, ஆகவே ஒரு காலுக்கு இரண்டு தகடு, ஒரு மாட்டுக்கு எட்டு. மாட்டின் குளம்புச் சுவர் மெல்லியது, ஆணியும் சின்னது. குதிரை மூன்று காலில் பொறுமையாக நிற்கும். மாடு நிற்காது, கயிறு போட்டுச் சாய்த்து, காலைக் கட்டித்தான் அடிக்க வேண்டும். சாய்ப்பதற்குப் பழகின ஆட்கள் வேண்டும், முரட்டுத்தனமாகச் சாய்த்தால் கொம்பு முறியும், விலா அடிபடும். வயலில் மட்டும் உழும் மாட்டுக்கு லாடம் தேவையில்லை, தார் றோட்டில் வண்டி இழுக்கும் மாட்டுக்குத் தேவை. எங்கள் பக்கத்தில் வண்டில் மாடு குறைந்துபோனதால் இந்த வேலையும் குறைந்துவிட்டது. சவாரிக்காரர்தான் இன்னும் வருகிறார்கள்.

நெடுந்தீவுக் குதிரைகளுக்கு லாடம் அடித்திருக்கிறாரா?

இல்லை, அடிக்கவும் கூடாது. நெடுந்தீவில் போர்த்துக்கேயரும் பிறகு ஒல்லாந்தரும் குதிரை வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி அதைக் கவனித்தார். குதிரை லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அவர்கள் கைவிட்டுப் போன குதிரைகளின் வம்சம்தான் இப்போது அங்கே கூட்டம் கூட்டமாகத் திரியும் கட்டைக் குதிரைகள். தீவு முழுக்க முருகைக்கல். அந்த வறண்ட, கரடான நிலத்தில் நடந்தே அவற்றின் குளம்பு அளவாகத் தேய்ந்துவிடுகிறது. குறிகட்டுவானில் இருந்து படகேறி அப்பாவும் நானும் போனபோது, அவர் தூரத்தில் நின்று அவற்றின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒருத்தனும் தொடாத கால் எவ்வளவு வடிவாக இருக்கு பார்” என்றார்.

2015இல் அந்தப் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே இருந்து ஒரு குட்டியைப் பிடித்து வந்து வளர்க்கலாமா என்று கேட்டு வருபவர்களுக்கு ஒரே பதில்: அது குற்றம், அதோடு பாவமும். அவற்றுக்கு வேண்டியது லாடம் அல்ல, தண்ணீர். கோடை கடுமையானால் குளங்கள் வற்றி, குதிரைகள் தாகத்தில் சாகின்றன. குதிரைமேல் ஆசை உள்ளவர்கள் அந்த நேரம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றும் ஆட்களுக்கு உதவுங்கள்.

கலியாணத்துக்குக் குதிரை வண்டி பிடிக்கிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

இதைத்தான் இப்போது அதிகம் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து வந்து ஊரில் செய்யும் கலியாணங்களில் மாப்பிள்ளை குதிரை வண்டியில் வருவது ஆசையாகிவிட்டது. நான் ஆசையைக் குறை சொல்லவில்லை. ஆனால் தெற்கில் இருந்து ஏ-9 வீதியால் இரவிரவாக லொறியில் நின்றுகொண்டே வந்த குதிரை காலையில் இறங்கியவுடன் வண்டியில் பூட்டப்படுகிறது. குறைந்தது ஒரு நாள் முன்பே வரச் சொல்லுங்கள். அதற்கு ஒரு நாள் காசு கூடக் கேட்டால் கொடுங்கள், மண்டபத்துப் பூ அலங்காரத்துக்குக் கொடுக்கும் காசுக்கு அது ஒன்றுமே இல்லை.

வண்டியில் பூட்டுவதற்கு முன் நாலு காலையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். லாடம் கையால் ஆட்டினால் அசையக் கூடாது. ஆணியின் மடிப்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. குளம்பு லாடத்தின் விளிம்புக்கு மேலே வழிந்து நின்றால் மாற்ற வேண்டிய காலம் கடந்துவிட்டது. தேய்ந்து வழுவழுத்த லாடத்தோடு வந்த ஒரு குதிரை, மண்டப வாசலில் தண்ணீர் தெளித்த மாபிளில் வழுக்கி முழங்கால் குத்தியதை நான் நேரில் பார்த்தேன். மேளம் நிற்கவில்லை, வீடியோக்காரரும் நிற்கவில்லை. குதிரையை எழுப்பித் துடைத்துவிட்டுத் திரும்பப் பூட்டினார்கள். அந்த முழங்காலை அப்பாதான் கழுவி, வைத்தியரைக் கூப்பிட்டார்.

ஆகவே மாபிள், ரைல்ஸ் தரையில் குதிரையை ஏற்ற வேண்டாம். வாசலில் கம்பளம் விரித்தாலும் அது நகரும். மணல் கொட்டுங்கள், அதுதான் நல்லது. மத்தியான வெயிலில் தார் றோட்டில் ஓட்டாதீர்கள். பக்கத்தில் வெடி கொளுத்தாதீர்கள். குதிரைக்குத் தண்ணீர் வைக்க ஒரு ஆளை ஒதுக்குங்கள், அந்த ஆளுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

நொண்டினால் உடனே என்ன செய்வது?

நடத்துவதை நிறுத்துங்கள். கையால் குளம்பைத் தொட்டுப் பாருங்கள், மற்றக் கால்களைவிடச் சூடாக இருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. லாடம் அடித்து ஓரிரு நாளில் நொண்டினால் ஆணியைச் சந்தேகப்பட வேண்டும், அடித்தவரை உடனே கூப்பிடுங்கள். அடியில் கறுப்பாக, கெட்ட நாற்றத்தோடு கசிந்தால் ஈரத்தில் நின்று அழுகியிருக்கிறது. மாரி காலத்தில் எங்கள் ஊர் மண்ணில் அது சுலபமாக வரும். காய்ந்த தரையும் தினமும் கிண்டித் துப்புரவாக்குவதும்தான் முதல் மருந்து. ஆழமாக ஆணியோ கம்பியோ ஏறியிருந்தால் அதை இழுத்து எடுக்காமல் வைத்தியரைக் கூப்பிடுங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டும்.

தமிழருக்குள் இந்தத் தொழில் பழையதா?

குதிரை பழையது. பாண்டிய நாட்டுக்குக் கடல் வழியாக அரேபியாவில் இருந்தும் பாரசீக வளைகுடாவில் இருந்தும் வருடா வருடம் ஆயிரக்கணக்கில் குதிரை வந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் காயல் துறைமுகப் பக்கம் வந்த மார்க்கோ போலோ ஒரு விசயத்தை எழுதியிருக்கிறார். வருடம் முடிவதற்குள் அந்தக் குதிரைகளில் பெரும்பகுதி செத்துவிடுமாம், ஏனென்றால் பராமரிக்கத் தெரிந்த ஆளில்லை. குதிரை விற்கும் வணிகர்கள் லாடக்காரரைக் கூட்டி வருவதில்லை, வேறு யாரும் வரவும் விடுவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் விற்கலாம். அவர் எழுதியதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனாலும் ஒரு நாட்டின் பொன் முழுக்கப் போனது, காலைப் பார்க்க ஆளில்லாததால் என்று நினைக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

இரும்பு எங்கே எடுக்கிறீர்கள்?

இப்போது கடையில் பட்டை இரும்பு கிடைக்கிறது, குதிரைக்கு ஆயத்த லாடமும் ஆணியும் இந்தியாவில் இருந்து வருகின்றன. ஆணியை மட்டும் நாங்கள் அடிப்பதில்லை, தொழிற்சாலை ஆணியின் அளவு துல்லியம். பொருளாதாரத் தடை இருந்த 90களில் ஊரில் இருந்த பெரியப்பா, பழைய லொறிகளின் வில்லுத் தகட்டை வெட்டித்தான் எல்லாம் செய்தார். எங்கள் பட்டடைக் கல் ஒரு தண்டவாளத் துண்டு. 1990இல் யாழ்தேவி ரயில் நின்றுபோன பிறகு பாதையே இல்லாமல் போனது. 2014இல் திரும்ப ரயில் வந்தபோது அந்தத் துண்டை மாற்றச் சொன்னேன், அப்பா கேட்கவில்லை.

எவ்வளவு காசு?

நாலு காலுக்கும் சேர்த்துப் பேசுவோம். தூரம், லாடத்தின் வகை, குதிரையின் குணம் மூன்றையும் பார்த்து. சென்னையில் படப்பிடிப்புக்குப் போனால் கூலியோடு பேட்டாவும் உண்டு. இங்கே தேத்தண்ணி உண்டு.

பொம்பிளைப் பிள்ளைகள் பழகலாமா?

நான் பழகுகிறேன். குதிரையைப் பலத்தால் நிறுத்த முடியாது, நானூறு ஐந்நூறு கிலோ மிருகத்தை எந்த ஆம்பிளை நிறுத்துவார்? மூச்சு அமைதியாக இருக்க வேண்டும், கை அவசரப்படக் கூடாது. மாட்டு லாடம் தனியாக அடிக்கிறேன். குதிரையில் சீவுவதும் அராவுவதும் என் வேலை, ஆணி இன்னும் அப்பா கையில். பழக விரும்புகிறவர்கள் வரலாம். தொடக்கத்தில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான், கிண்டிப் பெரியவரின் முறையை அப்பா விடவில்லை. சப்பாத்துப் போட்டு வாருங்கள், செருப்போடு வருபவரை உள்ளே விட மாட்டார்.

பழைய லாடம் தருவீர்களா? வாசலில் மாட்ட, மோதிரம் செய்ய?

தருவோம், காசு வாங்குவதில்லை. சனி தோசத்துக்கு மோதிரம் என்று கேட்பவர்களுக்கும் கொடுத்திருக்கிறோம், நம்பிக்கை அவரவருடையது. கறுப்புக் குதிரையின் லாடம் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம். இரும்பைப் பார்த்துக் குதிரையின் நிறத்தை ஒருவராலும் சொல்ல முடியாது. வாசலில் மாட்டுவதானால் ஆணிகள் எல்லாம் கழன்றிருக்கின்றனவா என்று பாருங்கள், குழந்தைகள் தொடும் உயரத்தில் மாட்ட வேண்டாம். கடற்காற்றுப் படும் ஊர்களில் சீக்கிரம் துருப்பிடிக்கும், இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்தால் போதும்.